மொட்டைமாடி யாருக்கு?

கரண்ட் இல்லாமல் கெட்டுப்போன அறுபது லிட்டர் பழத்தயிரைச் சாக்கடையில் கொட்டிய அன்றைக்கே மரியுக்ஸி முடிவெடுத்துவிட்டாள். அணையில் தண்ணீர் இல்லை, மழை வரட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ரேடியோவில் தினமும் சொல்கிறார்கள். தயிர் பொறுக்குமா? கூரையில் சோலார் பலகை, கீழே பேட்டரி. இனி கரண்ட்டுக்காக யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

வாய்ப்பேச்சோடு நிற்கிறவள் இல்லை அவள். போர்ட்டோவியெஹோ நகரில் சோலார் விற்கிற கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். முதல் கடைக்காரன் பேட்டரியே வேண்டாம், பலகை மட்டும் போதும் என்றான்.

"கரண்ட் போனா?" என்று கேட்டாள் இவள்.

"அப்ப இதுவும் நின்னுரும். லைன்ல ஏறி வேலை பாக்கறவனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுல்ல?"

கூசாமல் சொன்னான். தினமும் எட்டு மணி நேரம் கரண்ட் போகிற ஊரில், கரண்ட் போனால் நின்றுவிடுகிற சாமானை விற்கிறான்! கடை வாசலில் நின்று அவள் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம் பிளக்கில் செருகுகிற சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி வந்து, பத்து நாள், வீட்டில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் எத்தனை யூனிட் குடிக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதினாள். அவளுடைய இரண்டு ஃப்ரிட்ஜும் சேர்ந்து ஒரு நாளைக்கு நாலு யூனிட். அண்ணன் வாஷிங்டனின் படுக்கையறை ஏசி மட்டும் ஒரே ராத்திரிக்கு ஏழு.

நோட்டு நிரம்பியதும் அண்ணன் வந்து கையை நீட்டினான். "வயரிங், இன்ஜினியர், ஒப்பந்தம் இதெல்லாம் உனக்கு எதுக்கு? கொடு, நான் பாத்துக்கறேன்."

கொடுத்தாள். போன வாரப் பகுதியில் அதைப் படித்தபோதே உங்களில் பாதிப் பேர் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியிருப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இன்றைக்குச் சனிக்கிழமை. இன்ஜினியர் வருகிற நாள்.

*

செப்டம்பர் மாதக் காலைக்கே உரிய சாம்பல் வானம். எட்டு மணிக்குச் சொல்லி வைத்த மாதிரி கரண்ட் போனது. தரைத்தளத்தில், தெருவைப் பார்த்த ஜன்னலே மரியுக்ஸியின் தயிர்க் கடை. மரவள்ளி ரொட்டியை விடியுமுன்பே சுட்டு எடுத்து, துணி போட்டு மூடிவைத்திருந்தாள். ஃப்ரிட்ஜ் இரண்டுக்கும் மேலே கம்பளியைப் போர்த்தி, திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தாள். எழுதியதைப் படிக்க வேண்டியவர்கள் வீட்டில் யாரும் படிப்பதில்லை.

மாடியிலிருந்து வாஷிங்டன் இறங்கி வந்தான். தேய்த்த சட்டை, சென்ட் வாசனை.

"பதினோரு மணிக்கு இன்ஜினியர் வர்றார். ஃப்ரிட்ஜத் திறந்து ஜில்லுனு ரெண்டு பாட்டில் எடுத்து வை."

"திறக்க மாட்டேன்."

"ஏய், வர்றவர் இன்ஜினியர்."

"அவர் இன்ஜினியரா இருந்தா, கரண்ட் இல்லாதப்ப ஃப்ரிட்ஜத் திறக்கக் கூடாதுன்னு அவருக்கே தெரியும்."

வாஷிங்டன் உதட்டைப் பிதுக்கினான். "உன் வாய் இருக்கே... சரி, அவர் வந்ததும் நீ மேல வராத. ஆம்பளைங்க பேசற இடத்துல நடுவுல பூந்து யூனிட்டு, யூனிட்டுன்னு ஆரம்பிப்ப."

"பத்து நாள் மீட்டரக் கையில பிடிச்சுக்கிட்டு அலைஞ்சவ நான் அண்ணே."

"அதான் நோட்ட வாங்கிக்கிட்டேன்ல?"

வாங்கிக்கொண்டானாம். நோட்டை வாங்கினால் அதில் இருக்கிற உழைப்பும் சேர்ந்து வந்துவிடும் என்று நினைக்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இந்த வீட்டில் அவனுக்குப் பெயர் வாஷிங்டன்.

முற்றத்தில் பிரம்பு நாற்காலியில் அப்பா எலிசியோ உட்கார்ந்திருந்தார்; ஊரில் மரியாதையாக டான் எலிசியோ என்பார்கள். முப்பது வருடம் மான்டாவுக்கும் போர்ட்டோவியெஹோவுக்கும் இடையே சொந்த பஸ் ஓட்டியவர். இரண்டு பேரும் பேசியது அவர் காதில் விழுந்தது. பேட்டரி ரேடியோவின் காதைத் திருகி, சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். மனைவி இறந்த பிறகு அவருக்குச் சண்டையைத் தீர்த்துவைக்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது.

*

இன்ஜினியர் பைரன் செடென்யோ பதினொன்றேகாலுக்கு வந்தார். நாற்பது வயது, கனத்த உடம்பு, கையில் டேப்பும் சாக்பீஸும். மேலே ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். வாஷிங்டன் முன்னால் போனான். மரியுக்ஸி கடையை அடைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். வராதே என்று சொன்னவனின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினாள்.

மொட்டைமாடியில் ஒன்பது தூண்களின் தலையிலிருந்தும் கம்பிகள் ஆள் உயரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. இந்தத் தெருவில் எந்த வீட்டு மேலே பார்த்தாலும் இப்படித்தான். அடுத்த பிள்ளைக்கு அடுத்த மாடி. தூணில் கம்பி நிற்கிறவரைக்கும் வீடு இன்னும் முடியவில்லை, யாரோ ஒருத்தருக்கு அங்கே இடம் இருக்கிறது என்று அர்த்தம். பூகம்பத்தில் பழைய வீடு இடிந்து, புது வீட்டுக்குத் தளம் போட்ட அன்று, தெருவே வந்து வாளி வாளியாகக் கலவை ஏற்றியது. வந்த முப்பது பேருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, தானும் வாளி தூக்கியவள் மரியுக்ஸி. சாயங்காலம் கை கழுவிக்கொண்டே டான் எலிசியோ எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "கீழ எனக்கு. நடுவுல வாஷிங்டனுக்கு. மேல என் பொண்ணுக்கு."

அதற்குப் பிறகு ஏழு வருடமாக, கம்பி துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் காலி தயிர் பாட்டிலைக் கவிழ்த்துவைப்பது அவள் வேலை. முப்பத்தாறு கம்பி, முப்பத்தாறு பாட்டில். வெயிலில் நொறுங்குவதை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவாள்.

இன்ஜினியர் டேப்பை நீட்டி, குனிந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். எட்டுப் பலகை, இரண்டு வரிசை, நடுவில் அகலமான வழி. கோடு போட்டு முடித்தபோது மொட்டைமாடியில் மிச்சமே இல்லை.

"இந்தக் கம்பியெல்லாம் எடுத்துரணும்" என்றார், நிமிராமலே. "பலகை மேல நிழல் விழும். அடியோட வெட்டி, மேல சிமெண்ட் பூசிட்டா சுத்தமா இருக்கும்."

"வெட்டிரலாம்" என்றான் வாஷிங்டன்.

ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. முடி வெட்டச் சொல்கிற மாதிரி சொன்னான்.

மரியுக்ஸி கத்தியிருப்பாள். ஆனால் கத்தவில்லை. கத்தினால், பார்த்தீர்களா இன்ஜினியர், இதற்குத்தான் வராதே என்றேன் என்பான். அவனுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

"இன்ஜினியர், வரிசைக்கு நடுவுல இவ்வளவு இடம் எதுக்கு விட்டிருக்கீங்க?"

"முன் வரிசை நிழல் பின் வரிசை மேல விழாம இருக்கணும்ல? பலகையத் தெற்கே பாத்து முப்பத்தஞ்சு டிகிரி சாய்ச்சு நிறுத்தறோம். எழுந்து நிக்கற பலகை, நிழலும் நீளமா இருக்கும்."

"தெற்கே பாத்தா? முப்பத்தஞ்சு டிகிரியா?"

"வீடியோவுல கூட அப்படித்தான் சொல்றாங்க" என்று வாஷிங்டன் முந்திக்கொண்டான். "நான் பத்து வீடியோ பாத்துட்டேன். தெற்கு, முப்பத்தஞ்சு. எல்லாரும் அதேதான்."

"அந்த வீடியோவெல்லாம் எந்த ஊர்க்காரன் போட்டது?"

"எந்த ஊரா இருந்தா என்ன? நம்ம ஸ்பானிஷ்லதான பேசறான்."

வானம் அதற்குள் வெளுத்து, மேகம் கிழிந்து வெயில் சுள்ளென்று இறங்கியிருந்தது. மணி பன்னிரண்டேகால். மரியுக்ஸி பக்கத்துக் கம்பியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, தளத்தின் நடுவில், சாக்பீஸ் கோட்டுக்கு மேல் நிறுத்தினாள்.

"இன்ஜினியர், இந்தப் பாட்டிலோட நிழல் எந்தப் பக்கம் விழுது?"

செடென்யோ பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். குனிந்தும் பார்த்தார்.

"விழலையே" என்றார்.

"ஏன் விழல?"

"அடியிலயே இருக்கு."

"அப்ப சூரியன் எங்க இருக்கு?"

அவர் தலையைத் தூக்கி, கண்ணை இடுக்கி, உடனே கீழே குனிந்துகொண்டார். அந்த வெயிலை நேராகப் பார்க்க முடியுமா?

"தலைக்கு மேல" என்றார் சின்னக் குரலில்.

"நம்ம ஊர்ல வருஷம் முழுக்கவே ஏறக்குறைய தலைக்கு மேலதான். ஆறு மாசம் கொஞ்சம் வடக்க, ஆறு மாசம் கொஞ்சம் தெற்க. இன்னிக்கு உச்சந்தலையிலயே நிக்குது. தலைக்கு மேல இருக்கறவனப் பாக்க யாராவது கூரையில கழுத்தச் சாய்ச்சுக்கிட்டு நிப்பாங்களா? படுத்துக்கிட்டுத்தான பாப்பாங்க?"

செடென்யோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். நல்ல மனிதர்தான். பொய் சொல்லத் தெரியாது அவருக்கு, அதுவும் வெயிலில் நின்றுகொண்டு.

"கம்பெனியில ஒரே படம்தான் வச்சிருக்காங்க. ஸ்பெயின்லருந்து வந்தது. அங்க சூரியன் எப்பவும் தெற்குப் பக்கம் சாய்ஞ்சேதான் வரும். நாங்க வீட்டு அளவ மட்டும் மாத்திக்குவோம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

யாரும் கேட்டதில்லையாம்! பூமத்திய ரேகைக்காரர்கள் நாம், எங்கோ குளிரில் நடுங்குகிறவனின் கூரையைக் கொண்டுவந்து நம் தலையில் கவிழ்த்து வைத்திருக்கிறோம். அவன் பேசுவது புரிகிறது, அவ்வளவுதான் காரணம். அவன் சூரியன் வேறு, நம் சூரியன் வேறு என்று பாட்டிலை வைத்துக் காட்ட ஒரு தயிர்க்காரி வரவேண்டியிருக்கிறது.

"பத்து டிகிரி போதும்" என்றார் இன்ஜினியர், இப்போது மரியுக்ஸியைப் பார்த்து. "மழை பெஞ்சா தூசு வழிஞ்சு போறதுக்கு மட்டும் அந்தச் சாய்வு. வரிசைக்கு நடுவுல இடமே வேண்டாம். ஒட்டி ஒட்டிப் படுக்க வச்சிரலாம்."

"அப்படின்னா..." மரியுக்ஸி கைப்பிடிச் சுவர் ஓரம் போய்க் கீழே காட்டினாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம், வீட்டை விட்டுத் தள்ளி, அப்பாவின் பஸ் நின்ற நீளமான தகரக் கொட்டகை. "அதுல கொள்ளுமா?"

செடென்யோ இறங்கிப் போய், ஏணி வைத்து ஏறி, இரும்புச் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, டேப் பிடித்தார்.

"எட்டும் படுத்துரும். சட்டமும் கெட்டி. மரம் கிரம் எதுவும் பக்கத்துல இல்ல. மாடி மேல போறதவிட இதுதான் எனக்கும் சுலபம்."

மரியுக்ஸி மூச்சை விட்டாள். பிரச்னை முடிந்தது. ஒரு கம்பியைக் கூடத் தொட வேண்டாம். அண்ணனும் நன்றி சொல்லாவிட்டாலும் சரி என்றாவது சொல்வான் என்று திரும்பிப் பார்த்தாள்.

"வேணாம்" என்றான் வாஷிங்டன். "மேலதான் வைக்கணும்."

*

சாப்பாட்டு மேஜையில் விச்சே சூப்பில் ஆவி பறந்தது. வாஷிங்டனின் மனைவி கெமா நிலக்கடலையை அரைத்து ஊற்றி, மீனும் சோளமும் வாழைக்காய் உருண்டையும் போட்டு நன்றாகவே செய்திருந்தாள். பெரிய மீன் துண்டு இன்ஜினியர் தட்டுக்குப் போனது. யாரும் ருசித்துச் சாப்பிடவில்லை.

"கொட்டகையில ஏன் வேணாம்?" மரியுக்ஸி கேட்டாள்.

"திருட்டுப் போயிரும்."

"நாய் அங்கதான் படுக்குது."

"அந்த நாய் சும்மா பேருக்கு."

"அப்ப கம்பி வேலி போடலாம்."

"மரியூ, எல்லாம் பேசி முடிச்சாச்சு. விடு."

"யார்கிட்டப் பேசி முடிச்சீங்க? மொட்டைமாடி என்னோடது. என்கிட்ட யாரும் பேசலயே."

வாஷிங்டன் கரண்டியைக் கீழே வைத்தான். "ஏழு வருஷமா உன்னோடதுன்னு சொல்லிக்கிட்டுதான் இருக்க. ஒரு கல்லு வச்சியா? உனக்கு முப்பத்தஞ்சு வயசு. இனிமே எங்க கட்டப் போற? அந்த இடம் சும்மா கிடக்குது, பாட்டில் மாட்டிக்கிட்டு. பாக்கறவன் சிரிக்கறான்."

ஆக, இதுதான் விஷயம். நிழலும் இல்லை, திருடனும் இல்லை, டிகிரியும் இல்லை. பலகையை மேலே வைத்துவிட்டால் இருபத்தைந்து வருடத்துக்கு அதை யாரும் அசைக்க முடியாது. கேள்வியே கேட்காமல் தங்கையின் மாடியை மூடிவிடலாம். கொள்ளைக்காரன் கூடச் சுவர் ஏறி வருவான். இவன் படிக்கட்டு வழியாக, தேய்த்த சட்டையோடு, இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

பேச்சை மாற்றலாம் என்று நினைத்தார் பாவம் செடென்யோ. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "எடத்தப் பத்தி அப்புறம் பேசுங்க. இந்தப் பட்டியல மட்டும் ஒருதரம் சரி பாத்துரலாம். கரண்ட் போனா பேட்டரியில எதெது ஓடணும், எதெது வேண்டாம்னு டான் வாஷிங்டன் கொடுத்தது. ரெண்டையும் தனித்தனியா வயர் பிரிக்கணும். பேட்டரி எல்லாத்தையும் தாங்காது."

படிக்க ஆரம்பித்தார்.

"முக்கியமானது. மாடி படுக்கையறை ஏசி. பசங்க ரூம் ஏசி. டிவி. இன்டர்நெட் பெட்டி. தண்ணி மோட்டார். எல்லா லைட்டும்." தாளைத் திருப்பினார். "முக்கியமில்லாதது. துணி துவைக்கற மெஷின். இஸ்திரிப் பெட்டி. கரண்ட் அடுப்பு. கடை ஃப்ரிட்ஜ், ரெண்டு."

கெமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு ஏசி வேணாம்னு நான் சொன்னேன்."

மரியுக்ஸிக்கு முதலில் கோபம் வரவில்லை. சரியாகக் கேட்டோமா என்றுதான் தோன்றியது. இந்த வீட்டில் சோலார் என்ற வார்த்தையை முதலில் சொன்னது யார்? யாருடைய தயிர் சாக்கடையில் போனது? அந்த இரண்டு ஃப்ரிட்ஜைக் காப்பாற்றத்தானே இத்தனையும் ஆரம்பித்தது?

"நாலு யூனிட்" என்றாள். "ரெண்டு ஃப்ரிட்ஜும் சேந்து ஒரு நாளுக்கு நாலு யூனிட். உன் ஏசி ஒன்னு மட்டும் ஒரு ராத்திரிக்கு ஏழு. என் நோட்டுலதான இருக்கு? அதப் படிச்சுட்டா இத எழுதின?"

"நானா எழுதல" என்றான் வாஷிங்டன். அவன் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் சங்கடம் தெரிந்தது. "ஃப்ரிட்ஜ எதுல போடறதுன்னு அப்பாகிட்டக் கேட்டேன். அவர்தான் சொன்னார்."

எல்லாரும் டான் எலிசியோவைப் பார்த்தார்கள். அவர் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு மகளைப் பார்க்காமல் இன்ஜினியரைப் பார்த்து, விளக்கம் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"இவனுக்கு ஏசி இல்லாம தூக்கம் வராது, காலையில வேலைக்குப் போகணும். பசங்க வேர்வையில அழுவுதுங்க. மரியுக்ஸி அப்படியில்ல. அவ எப்படியும் சமாளிச்சுக்குவா."

திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. பாசமாகச் சொன்னார். பெருமையாகவே சொன்னார்.

மரியுக்ஸி எழுந்தாள்.

"ஆமா, சமாளிச்சேன்" என்றாள். "வீடு இடிஞ்சு மைதானத்துல கூடாரத்துல கிடந்தப்ப மூணு மாசம் எல்லாருக்கும் சோறு நான் ஆக்கினேன். அம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப இவன் வாரத்துக்கு ஒருதரம் எட்டிப் பாத்தான், நான் கூடவே இருந்தேன். அப்பல்லாம் யாரும் என்ன முக்கியமில்லாததுன்னு சொல்லல. அழுது ஆர்ப்பாட்டம் பண்றவங்களுக்கு ஏசி, வாய மூடிக்கிட்டு வேலை செஞ்சவளுக்கு இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்துல எடம். அப்படித்தானே அப்பா?"

"ஏம்மா, நான் தப்பா ஒன்னும்..."

"சரி, ஃப்ரிட்ஜ் போகட்டும். மொட்டைமாடி யாருக்கு? இன்ஜினியர் முன்னாடி சொல்லுங்க. அன்னிக்குத் தெருவுக்கே கேக்கச் சொன்னீங்கல்ல?"

டான் எலிசியோ தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "உனக்குத்தான்மா. அதுல என்ன சந்தேகம்? நாளைக்கு உனக்கு ஒரு கல்யாணம் ஆகி, குடும்பம்னு ஒன்னு வந்ததும்..."

"ஓ!"

அந்த ஒரு சத்தத்துக்கு மேஜைக்கு அடியில் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது.

"அப்ப ஏழு வருஷமா அந்தக் கம்பியெல்லாம் மாப்பிள்ளைக்காகத்தான் நிக்குதா? எனக்காகன்னுல்ல நான் நெனச்சேன்!"

இன்ஜினியர் ஒப்பந்தத் தாளை மேஜையில் வைத்தார். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து வேண்டும், அதாவது டான் எலிசியோவின் கையெழுத்து. கொட்டகையா மாடியா என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று மென்று விழுங்கிச் சொல்லிவிட்டு, மீதி மீனைக் கூட முடிக்காமல் கிளம்பினார். வாசலில் மரியுக்ஸியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பாட்டில் விஷயத்துக்கு நன்றிம்மா. இதுவரைக்கும் நாப்பது வீட்டுக்குத் தப்பா வச்சிருக்கேன்."

*

மூன்று மணிக்கு வாசலில் மோட்டார் ரிக்‌ஷா வந்து நின்றது. மரியுக்ஸி வரவழைத்த நாற்பது சிமெண்டுக் கல், ஒரு மூட்டை சிமெண்ட், இரண்டு சாக்கு மணல்.

ரிக்‌ஷாக்காரர் எல்லாவற்றையும் வாசலில் இறக்கிவிட்டு, மேலே தூக்கிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். இரண்டு இரண்டு கல்லாகத் தானே தூக்கிக்கொண்டு ஏறினாள். எட்டாவது நடையில் படியில் உட்கார்ந்து எழுந்தாள். திரும்பி இறங்கும்போது எதிரே கெமா, கையில் ஒரு கல்லோடு.

"வாஷிங்டன் தூங்கறார்" என்றாள் கெமா. "எழுந்தார்னா நான் துணி காயப்போட வந்தேன்னு சொல்லு."

"கல்லோடயா?"

"துணி பறக்காம இருக்க வேணாமா?"

அன்று மரியுக்ஸி சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நாலு மணிக்கு மறுபடி கரண்ட் போனது. அப்பா சொன்ன மாதிரியே, ஏசி நின்றதும் வாஷிங்டன் விழித்துக்கொண்டான். மேலே ஏதோ சுரண்டுகிற சத்தம். கொத்தனார் கரணை தளத்தில் உரசுகிற சத்தம். கீழே அப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு ஏறி வந்தான்.

இன்ஜினியர் சாக்பீஸால் போட்டிருந்த முதல் கோட்டின் மேலேயே, தூணிலிருந்து தூணுக்கு, ஒற்றை வரிசையாகக் கல் எழும்பிக்கொண்டிருந்தது. மரியுக்ஸி மண்டிபோட்டு உட்கார்ந்து, கலவையை அள்ளி வைத்து, கல்லை அழுத்தித் தட்டினாள். வரிசை அவ்வளவு நேராக இல்லை. கை முழுக்கச் சிமெண்ட், நெற்றியிலும் கொஞ்சம்.

"என்ன பண்ற?"

"ஒரு கல்லு வச்சியான்னு கேட்டல்ல? இதுவரைக்கும் பதினேழு."

"பைத்தியமா உனக்கு? யாரக் கேட்டு வச்ச?"

"மேல என் பொண்ணுக்குன்னு சொன்னார். அதுக்கப்புறம் யாரையும் கேக்கணும்னு எனக்குத் தோணல."

"அப்பா கீழ கண்ணாடி தேடறார், தெரியுமா? பேனாவும் கையுமா உக்காந்திருக்கார். கையெழுத்துப் போடப் போறார்."

அவள் கை ஒரு கணம் நின்றது. எந்தக் கட்டத்தில் டிக் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அடுத்த கல்லை எடுத்தாள்.

"போடட்டும்."

"திங்கக்கிழம எட்டு மணிக்கு ஆளுங்க வந்து நிப்பாங்க. கம்பி வெட்டற மெஷினோட. அப்ப என்ன பண்ணுவ? இந்தக் கல்லு மேல படுத்துக்குவியா?"

"அவங்க வரட்டும் அண்ணே. கதவத் தட்டிட்டு வரச் சொல்லு."

"கதவா?" வாஷிங்டன் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தான். வெட்டவெளி, ஒற்றை வரிசைக் கல், சாயங்கால வெயில். "எங்கடி இருக்குது கதவு?"

மரியுக்ஸி தன் டேப்பை எடுத்து, கடைசியாக வைத்த கல்லிலிருந்து மூன்றடி அளந்தாள். அந்த மூன்றடியை வெறுமையாக விட்டுவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் அடுத்த கல்லுக்குக் கலவை போட்டாள்.

"நீ நிக்கறல்ல, அங்கதான்" என்றாள். "வழிய விட்டு நில்லு."